வருசம் வெட்டிய பாத்திரங்கள்

என் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் தண்ணீர் கொடுக்கிற சொம்பில் ஒரு பனியன் கம்பெனியின் பெயர் வெட்டியிருக்கும். அதற்குக் கீழே என் பெயரின் முதலெழுத்து. அதற்கும் கீழே, தீபாவளி 84. சம்பந்தி வீட்டார் முதல் தடவை வந்தபோதும் அதே சொம்பில்தான் கொடுத்தேன். "வேற நல்ல சொம்பு இல்லியா?" என்று என் வீட்டுக்காரர் சமையலறைக்குள் வந்து கிசுகிசுத்தார். இந்த வீட்டில் இதைவிட நல்ல சொம்பு கிடையாது என்று, வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரியே பதில் சொன்னேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். உண்மைதான். அந்தக் கோபம் இல்லாவிட்டால் இந்தச் சொம்பை எப்போதோ பழைய பாத்திரத்துக்குப் போட்டிருப்பேன்.

பனியனுக்குப் பேர்போன எங்கள் ஊரில், ராயபுரத்தில் இருந்த அந்தக் கம்பெனியில் நான் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தைத்து வருகிற பனியனுக்குள் கையை விட்டு விரித்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓட்டை, விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை இருந்தால் ஒரு பக்கம். இல்லாவிட்டால் எதிர் மேஜைக்கு. எதிர் மேஜையில் மடிப்பு. காதர்பேட்டையிலிருந்து வருகிற ஒரு அக்கா அங்கே அட்டை வைத்துப் பனியன் மடிப்பாள். எனக்கு முன்பே சேர்ந்தவள். கை வேலையில் இருக்கும்போதே வாய் ஊர்க்கதை முழுவதையும் சொல்லி முடித்துவிடும். நாள் முழுவதும் நின்று என் கால் வீங்கிப் போனால், "கண்ணு, அந்தப் பெட்டி மேல குந்திக்க, மேனேஜர் வந்தா நான் இருமறேன்" என்பாள். அவள் இருமுகிற இருமலைக் கேட்டு, இந்த அம்மாவுக்கு நெஞ்சுச் சளி இருக்கிறது போலிருக்கிறது என்று மேனேஜர் ஒருமுறை மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. முதலாளி சொன்னதை முதலாளியைவிட அழுத்தமாகச் செய்கிறவர், அவ்வளவுதான்.

ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் போனஸ் போடுகிற நாளில் எங்கள் கம்பெனியில் இரண்டு மேஜை போடுவார்கள். முதல் மேஜையில் மேனேஜர். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். என் கணக்கு முழுவதும் தீர்ந்துவிட்டது, எனக்கும் கம்பெனிக்கும் இனி ஒரு பாக்கியும் இல்லை என்று அதில் இருக்கும். பண்டிகை முடிந்து திரும்பி வரும்போது நாம் புதிதாகச் சேர்ந்த ஆள். படித்துப் பார்த்துத்தான் போட்டோம். போடாவிட்டால் போனஸ் கவர் கைக்கு வராது, பிள்ளைகளுக்குத் துணி எடுக்க முடியாது. வேறு கம்பெனிகளில் இருந்த எங்கள் தெருப் பெண்களும் இதே கதையைச் சொன்னதால், ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று இருந்துவிட்டோம்.

இரண்டாவது மேஜையில் முதலாளியம்மா. ஸ்வீட் பெட்டியும் ஒரு எவர்சில்வர் பாத்திரமும் தன் கையாலேயே கொடுப்பார். ஒரு வருசம் சொம்பு, ஒரு வருசம் வட்டில், ஒரு வருசம் பிடி வைத்த தூக்குப்போசி. அந்தம்மாவுக்குக் கொடுப்பதில் ஆசை. கொடுத்தது யார் என்று தெரிய வேண்டும் என்பதில் அதைவிட ஆசை. அதனால் பாத்திரக் கடையிலேயே ஆளை உட்கார வைத்து, ஒவ்வொன்றிலும் கம்பெனிப் பெயர், வாங்குகிறவரின் முதலெழுத்து, தீபாவளி வருசம் மூன்றையும் வெட்டச் சொல்லி வாங்கி வருவார். எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீரென்றாலும் மொய்ப் பாத்திரமென்றாலும் பெயர் வெட்டாமல் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் அவருக்கும்.

தொண்ணூற்றைந்தில் ஆயுத பூஜை முடிந்து பொரி கடலை வாசம்கூடப் போகாத ஒரு நாள், சாயங்காலம் வேலை விடுகிற நேரத்தில் மேனேஜர் எங்கள் ஹாலுக்கு வந்தார். செக்கிங், மடிப்பு இரண்டிலும் சேர்த்து ஒரு இருபது பெண்கள் இருந்தோம்.

"அம்மிணிகளா, நாளையில இருந்து செக்கிங்கு, மடிப்பு ரெண்டும் இங்க இல்லீங்க. எல்லாம் ஜாப் ஒர்க்குக்கு வெளிய போகுது. இந்த ஹாலைச் சின்ன முதலாளி கேக்கறாரு."

"அவருக்கு ஹாலு எதுக்குங்க?" என்றாள் அக்கா.

"வீடியோ கேம் கடை போடறாருங்க."

எங்களில் பலருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. டிவியில் பசங்க காசு கொடுத்துச் சுட்டு விளையாடுகிற கடை என்று ஒருத்தி விளக்கினாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடிக்கும்போதுதான் எங்களுக்கு வேலை இல்லை என்பது உறைத்தது.

"சரிங்க, சர்வீஸ் பணம் எப்பத் தருவீங்க?" என்று நான் கேட்டேன். வேலையை விட்டு அனுப்பினால் வேலை பார்த்த வருசத்துக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும் என்கிற அளவுக்கு எனக்குத் தெரியும்.

"ஏது சர்வீஸு? போன தீபாவளி முடிஞ்சுதான அம்மிணி சேந்தீங்க? எல்லாருக்கும் ஒரு வருசக் கணக்குதான்."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னார். என் இரண்டு பிள்ளைகளும் வயிற்றில் இருந்தபோது பேறுகாலத்துக்கு லீவு கேட்டு நான் நின்றது இந்த மனுசன் முன்னால்தான். மூத்தவளுக்குப் பெயர் வைத்த அன்று வந்து சாப்பிட்டுவிட்டும் போனார். போன தீபாவளிக்குச் சேர்ந்தவளாம்! வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேணும்னா லேபர் ஆபீசுக்குப் போங்க. நீங்க கையெழுத்துப் போட்டதெல்லாம் எங்கிட்டப் பத்திரமா இருக்குது" என்று சொல்லி விளக்கை அணைத்தார்.

பணம் வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். வேண்டும்தான். ஆனால் என் பதினோரு வருசத்தை ஒருத்தர் அப்படியே இல்லையென்று சொல்லிவிட்டுப் போனதை என்னால் விழுங்க முடியவில்லை. வீட்டுக்காரர், "விடு, வேற கம்பெனியா இல்ல?" என்றார். அவர் சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே இதைவிட மோசம். அன்று எங்கள் வீட்டில் யாரும் என் பக்கத்திலேயே வரவில்லை.

மறுநாள் காலையில் போவதற்கு இடம் இல்லாமல் வாசல் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிய எழுத்துக்குள் சாம்பல் புகுந்துகொண்டால் லேசில் போகாது. வருசக்கணக்காக அந்த எழுத்துகளைத் திட்டிக்கொண்டேதான் தேய்ப்பேன். அன்றைக்கும் திட்ட வாயெடுத்தேன். சொம்பில் 84 என்பது சாம்பல் ஏறி வெள்ளையாகத் தெரிந்தது. பக்கத்தில் கிடந்த வட்டிலில் 87. போசியில் 88. கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடிப்போய்ப் பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினேன். பதினொன்றும் இருந்தன. மேனேஜர் ஒரு மேஜையில் உட்கார்ந்து வருசா வருசம் எங்களை அழித்திருக்கிறார். அடுத்த மேஜையில் முதலாளியம்மா எங்களைத் தண்ணீர் பட்டாலும் போகாத மாதிரி வெட்டி வைத்திருக்கிறார். எனக்கு வந்த சிரிப்பைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி பயந்துபோய் எட்டிப் பார்த்தாள்.

அக்கா வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவளும் நானுமாக ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னோம். "போசியக் கொண்டுபோய்க் காட்டுனா காசு குடுப்பாங்களாக்கும்?" என்று கேட்டவர்களும் இருந்தார்கள். கொடுக்காவிட்டால் ஊர் பார்க்கட்டும் என்றேன். அன்று மத்தியானமே கம்பெனி கேட்டுக்கு முன்னால், ஆளுக்கொரு சாக்கை விரித்து, அவரவர் பாத்திரத்தை வருச வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தோம். வெயிலில் தெருவே பளபளவென்று இருந்தது. கோஷம் ஒன்றும் போடவில்லை. போட்டுப் பழக்கமும் இல்லை.

முதலில் வந்து நின்றது போலீஸும் இல்லை, முதலாளியும் இல்லை. காதர்பேட்டைக்குப் பனியன் எடுக்க வந்த ஒரு வடநாட்டு வியாபாரி. குனிந்து என் டிபன் கேரியரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கித்னா?" என்று விலை கேட்டார். சந்தை இந்தி தெரிந்த அக்கா, "பேச்னேகா நஹீ, சேட்" என்றாள். விற்காததை எதற்குத் தெருவில் வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டிருப்பார் போல. அக்கா தனக்குத் தெரிந்த இந்தியில் கம்பெனியையும் மேனேஜரையும் வீடியோ கேமையும் போட்டு ஒரு விளக்கம் கொடுத்தாள். வியாபாரி கேட்டைப் பார்த்து, எங்களைப் பார்த்து, உள்ளே போகாமலே திரும்பிப் போனார். அதற்குப் பிறகு மேனேஜர் இரண்டு தடவை வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

முதலாளியின் வீடும் அதே காம்பவுண்டுக்குள் மாடியில்தான். அடுத்த நாளும் நாங்கள் வந்து உட்கார்ந்ததும் முதலாளியம்மா இறங்கி வந்துவிட்டார். தெருவில் பரப்பிய பாத்திரத்தைப் பார்த்து முகம் சிவந்தது. ஆனால் ஆசை யாரை விட்டது? என் சாக்கிலிருந்து தூக்குப்போசியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பிடி கனமா இருக்கோணும்னு கடையில நானே நின்னு பொறுக்குன போசியாச்சே இது!"

"ஆமாங்கம்மா, இன்னும் ஆட்டம் காணல" என்றேன். "எந்த வருசமுங்க அது?"

"எம்பத்தெட்டு" என்று உரக்கப் படித்தார். படித்த பிறகுதான் அவருக்குப் புரிந்தது. அதற்குள் தெருவில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அந்தம்மா போசியை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். மேலே கணவனும் மனைவியும் சத்தம் போட்டுக்கொண்டது எங்களுக்குக் கேட்டது. எனக்கு அவ்வளவு சந்தோசமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் மேனேஜர் வந்தார். "முதலாளி பெரிய மனசு பண்ணிட்டாருங்க. யார்கிட்ட எத்தன வருசத்துப் பாத்திரம் இருக்குதோ, அத்தன வருசத்துக்குக் கணக்குப் போட்டுத் தந்தர்றோம். பாத்திரம் இல்லாத வருசத்துக்கு இல்லீங்க."

பெண்கள் கைதட்டினார்கள். நான் அக்காவின் சாக்கைப் பார்த்தேன். அதில் இரண்டே இரண்டு டம்ளர்கள்தான் இருந்தன. எங்கள் எல்லோரையும்விட அதிக வருசம் வேலை பார்த்தவள் அவள். ஆனால் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் அண்ணன் மகள்களின் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். மேனேஜருக்கு அது தெரியும். அந்தக் கல்யாணங்களுக்கு அவரும் போயிருக்கிறார்.

"அந்தப் புள்ளைங்க ஊடுகளுக்கு ஒரு நடை போயி வாங்கிட்டு வந்தர்லாமுங்க்கா, நானும் வர்றேன்" என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். அவள் அப்படி முறைத்து நான் பார்த்ததில்லை. "சீராக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதா? மாமியார் ஊட்ல அவளுக தலை குனிஞ்சு நிக்கோணுமா? எனக்கு ரெண்டு வருசம் போதும் கண்ணு. நீங்க வாங்கிக்கிட்டுப் போங்க."

அவள் போதும் என்றால் எனக்குப் போதாது. அக்காவுக்குக் கணக்கு முடிகிறவரை யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்றேன். ஒருத்தி மகனுக்கு ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டும் என்று அழுதாள். இன்னொருத்தி, ஒரு ஆளுக்காக எல்லாரும் பட்டினி கிடப்பதா என்றாள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் மறுநாள் காலையில் இருபது பேரும் வந்து சாக்கை விரித்தார்கள்.

அன்று மத்தியானம் மூன்று பெண்கள் தெருமுனையில் வந்தார்கள். அக்காவின் அண்ணன் மகள்கள். கடைசிப் பெண் கொமரலிங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். பஸ் பிடித்து வந்திருந்தாள். யார் சொல்லி விட்டார்களோ, இன்றுவரை தெரியாது. "அத்தே, வெயில்ல உக்காந்திருக்கறீங்களாம், சாப்பாடு கொண்டாந்தோம்" என்று அவரவர் கையில் இருந்ததை இறக்கி வைத்தார்கள். அன்னக்கூடையில் குஸ்கா. போசியில் தால்ச்சா. குண்டாவில் தயிர் வெங்காயம். வட்டில்கள் ஒரு அடுக்கு, சொம்புகளில் தண்ணீர். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

நாங்கள் நன்றாகச் சாப்பிட்டோம். எங்களைக் கண்காணிக்க நிறுத்தியிருந்த வாட்ச்மேன்கூடத் தால்ச்சா சட்டையில் சிந்தச் சிந்தச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடித்ததும் அக்கா எழுந்து, தெருக்குழாயில் ஒவ்வொரு பாத்திரமாகக் கழுவி, தன் சாக்கில் வரிசையாக வைத்தாள். எல்லாவற்றிலும் அதே கம்பெனிப் பெயர், அதே முதலெழுத்து. ஒரு வருசம்கூட விடவில்லை. நான் கேட்டைத் தட்டி, "மேனேஜருங்க, கொஞ்சம் வாங்க. எங்கக்கா சாப்புட்டு முடிச்சுட்டாங்க, எண்ணிப் பாத்துக்கங்க" என்றேன்.

அவர் பார்த்தார். எண்ணவில்லை. அக்கா அவரிடம், "உங்களுக்கும் ஒரு வட்டல் குஸ்கா வெச்சிருக்கறனுங்க" என்று நீட்டினாள். வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நாங்கள் கேட்ட தொகை வரவில்லை. பேரம் பேசிப் பேசிக் குறைத்தார்கள், அதில் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. ஆனால் வருசத்தை யாரும் குறைக்கவில்லை. என் தாளில் பதினோரு வருசம் என்று மேனேஜர் தன் கையால் எழுதியதை நின்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அக்காவின் அண்ணன் மகள்கள் சாயங்காலம் பாத்திரங்களைத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அந்தத் தீபாவளிக்கு, கம்பெனியில் மிச்சமிருந்த தையல்காரர்களுக்குக் கொடுத்த பாத்திரத்தில் ஒரு எழுத்தும் இல்லை என்று கேள்விப்பட்டோம். அவர்கள் நேராக எழுத்து வெட்டுகிற ஆளிடம் போய், தங்கள் காசில் கம்பெனிப் பெயரையும் வருசத்தையும் வெட்டி வாங்கிக்கொண்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லி அக்கா சிரித்தாள்.

எங்கள் ஹாலில் கலர் டிவிகள் வந்தன. நாங்களும் வேறு வேறு கம்பெனிகளில் செக்கிங்குக்குச் சேர்ந்துவிட்டோம். அந்த வழியாகப் போகும்போது ஒருநாள் எட்டிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் டிவிக்குள் ஒருத்தன் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருந்தான், செத்துப் போனான், காசு போட்டதும் மறுபடி எழுந்து ஓடினான். கல்லாவில் எங்கள் மேனேஜர். கம்பெனி வேலையெல்லாம் வெளியே போய்விட்டதால் அவரை இங்கே மாற்றியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சில்லறையை எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

அந்தக் கடையும் நிலைக்கவில்லை. வீட்டுக்கு வீடு வீடியோ கேம் பெட்டி வந்த பிறகு, காசு கொடுத்து விளையாட யாரும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் சைக்கிள் நிற்கிற சத்தம் கேட்டது. மேனேஜர். கேரியரில் ஒரு சாக்கு மூட்டை. இறக்கி வைக்கும்போது கலகலவென்றது.

"கடையச் சாத்திட்டாங்க அம்மிணி. நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டாரு சின்ன முதலாளி. சர்வீஸ் கேட்டேன். தீபாவளிக்குத் தீபாவளி கணக்கு முடிச்சாச்சேன்னு, எங்கையெழுத்தையே எடுத்துக் காட்டறாரு." மூட்டையைத் தொட்டார். "எம்பட பாத்திரத்துலயும் வருசம் வெட்டியிருக்குதுங்க."

எனக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. ஏது சர்வீஸு, போன தீபாவளிக்குத்தானே சேந்தீங்க என்று நுனி நாக்குவரை வந்துவிட்டது. அவர் தலைமயிர் முழுவதும் நரைத்திருந்தது. 84 சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்கும்போது அதில் இருந்த எழுத்தை அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். அவருக்கு அந்தத் தண்டனை போதும்.

"நாளைக்குக் காலைல போயிக் கம்பெனி கேட்டு முன்னால சாக்க விரிச்சு உக்காருங்க. வருச வரிசையா அடுக்கோணும், மாத்தி வெச்சுராதீங்க" என்றேன்.

"தனியாவுங்களா?"

"மத்தியானம் வரைக்கும்."

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அக்காவும் நானும் பழைய பெண்களில் வர முடிந்த சிலரும் போனோம். அவர் வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தன் குடங்களுக்கும் குண்டாக்களுக்கும் நடுவில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு வட்டில் போட்டாள். நான் என் போசியைத் திறந்து சாதத்தை வைத்தேன். பிறகு போசியை, 88 என்று வெட்டிய பக்கம் கேட்டைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு நானும் உட்கார்ந்தேன்.